சுக்ஷ்பிட்ஸே: ஜெர்மனியில் ஏறி ஆஸ்திரியாவில் இறங்க

மியூனிக் வரை வருகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கி சுக்ஷ்பிட்ஸே மலைக்குப் போய்வருவது வழக்கம். உயரம் 2,962 மீட்டர். ஜெர்மனியில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. காலை ரயிலில் கிளம்பி, கேபிள் காரில் ஏறி, உச்சியில் பொன்னிறச் சிலுவையோடு படம் எடுத்து, ஒரு காபி குடித்துவிட்டு வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். இப்படிப் போனால் மலையின் ஒரு முகம்தான் கண்ணில் படும். கிழக்கும் வடக்கும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்குச் சொந்தம். மேற்குச் சரிவு ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தைச் சேர்ந்தது. மேற்கு உச்சியின் மேலேயே இரு நாட்டு எல்லை ஓடுகிறது. இரண்டு நாடுகளும் தத்தம் பக்கத்திலிருந்து உச்சிவரை கேபிள் கார் விட்டிருக்கின்றன. ஒரு நாட்டில் ஏறி இன்னொரு நாட்டில் இறங்குங்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் பரிந்துரை. செலவு கொஞ்சம் கூடும், முதல் நாளே உட்கார்ந்து திட்டமிட வேண்டியிருக்கும். இரண்டும் தகும்.

எல்லை எங்கே ஓடுகிறது

மேலே போய் இறங்கியதும் பலர் எல்லையைத் தேடுகிறார்கள். வேலி, கம்பி, காவலர் எதுவும் கிடையாது. ஜெர்மன் நிலையத்தின் மொட்டைமாடியும் ஆஸ்திரிய நிலையத்தின் மொட்டைமாடியும் ஒட்டியே இருக்கின்றன. நடுவில் ஒரு பக்கம் பவேரியாவின் பெயர்ப்பலகை, மறுபக்கம் டிரோலின் பெயர்ப்பலகை. நாலு எட்டு வைத்தால் நாடு மாறிவிடும். சிலுவை நிற்கும் கிழக்கு உச்சி முழுக்க ஜெர்மன் மண். எல்லைக்கோடு போவது கட்டடங்கள் நிற்கும் மேற்கு உச்சியின் வழியாக.

இன்று இவ்வளவு எளிதாகத் தெரியும் இந்தக் கோடு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1820 ஆகஸ்ட் 27 அன்று இந்த உச்சியை அடைந்த யோசப் நௌஸ் பவேரியப் படையின் நில அளவை அதிகாரி. வரைபடம் தயாரிக்கும் பணிக்காகவே அவர் வந்தார். பதிவான முதல் ஏற்றம் அதுதான். மேலே இயந்திரத்தில் ஆளை ஏற்றிச் சென்றதில் முந்திக்கொண்டது ஆஸ்திரியா. எர்வால்ட் ஊரிலிருந்து 1926இல் கேபிள் கார் விட்டது. ஜெர்மனியின் பல்சக்கர ரயில் 1930இல் வந்தது. 1933இல் ஹிட்லர் அரசு, ஆஸ்திரியாவுக்குப் போகும் ஒவ்வொரு ஜெர்மானியரும் 1,000 மார்க் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. டிரோலின் சுற்றுலாத் தொழிலை நெரிப்பதே அதன் நோக்கம். 1936 வரை அந்தத் தடை நீடித்தது. 1938இல் ஆஸ்திரியாவையே ஜெர்மனி விழுங்கிக்கொண்டதும் எல்லையும் காணாமல் போயிற்று. அதே ஆண்டு, ராணுவ விமானக் கட்டுப்பாட்டு நிலையம் கட்டுவதாகச் சொல்லி மேற்கு உச்சியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நிலையம் கட்டப்படவே இல்லை. உச்சி போனது போனதுதான். நடு உச்சியும் அதற்கு முன்பே கேபிள் கார் நிலையத்துக்காக வெட்டப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் மூன்று உச்சிகள் இருந்த மலையில் இன்று இயற்கையான வடிவில் எஞ்சியிருப்பது சிலுவை நிற்கும் கிழக்கு உச்சி மட்டும். மொட்டைமாடியில் நிற்கும்போது காலடியில் இருக்கும் சமதளம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு நிற்பது நல்லது.

போருக்குப் பிறகு எல்லை திரும்ப வந்தது. மேலே ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்கு நடக்கப் பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருந்தது. ஆஸ்திரியா 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, 1998இல் ஷெங்கன் ஏற்பாட்டை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தச் சோதனை நின்றது.

பாஸ்போர்ட், விசா

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா ஒன்றே இரு நாட்டுக்கும் போதும். ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும் கவலை வேண்டாம். ஷெங்கன் பகுதிக்குள்ளேயே நாடு மாறுவது புது நுழைவாகக் கணக்கில் வராது. எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதில்தான் குழப்பம் வரும். அதிக நாட்கள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பியுங்கள். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. லண்டனிலிருந்து வரும் உறவினர்கள் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், பிரிட்டனில் குடியிருப்பு அனுமதி இருந்தாலும் அவர்களுக்கும் தனியாக ஷெங்கன் விசா தேவை.

மேலே சோதனை இல்லை என்பதற்காகப் பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள். 2015 முதல் ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் அவ்வப்போது சோதனையை மீண்டும் கொண்டுவந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கி ரயிலிலோ காரிலோ ஜெர்மனிக்குள் திரும்பும்போது போலீஸ் ஏறி ஆவணம் கேட்கலாம். கைபேசியில் இருக்கும் படம் ஆவணமாகாது. மூலப் பாஸ்போர்ட் வேண்டும். மியூனிக்கில் படிக்கும் மாணவர்களும் வேலை பார்ப்பவர்களும் குடியிருப்பு அனுமதி அட்டையோடு பாஸ்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

ஜெர்மனியில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து போகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். புகலிட விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் தற்காலிக அனுமதித் தாளில் இருப்பவர்களுக்கு ஜெர்மனியை விட்டு வெளியே போக உரிமை இல்லை. உச்சியில் பத்தடி தள்ளி நிற்கும் டிரோல் பலகைக்கு அப்பால் இருப்பதும் வெளிநாடுதான். அப்படி ஒருவர் கூட்டத்தில் இருந்தால் எல்லோருமாக ஜெர்மன் வழியிலேயே இறங்குங்கள். அகதியாக ஏற்கப்பட்டு அதற்கான பயண ஆவணம் பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்பது விதி. அதோடு மலை மீட்புச் செலவை அது ஏற்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஆஸ்திரியப் பக்கம் பொழுதுபோக்குக்காகப் போன இடத்தில் விபத்து நேர்ந்து ஹெலிகாப்டர் வந்தால், அதற்கான கட்டணம் மீட்கப்பட்டவர் தலையில்தான் விழும்.

எப்படி ஏறுவது

மியூனிக் தலைமை ரயில் நிலையத்திலிருந்து கார்மிஷ்-பார்டன்கிர்ஹென் ஊருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். மணிக்கொரு வண்டி இருக்கிறது. இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை சேர்ந்து போனால் பவேரிய நாள் டிக்கெட் வாங்குவது லாபம். வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் அது செல்லாது, மலை ரயிலுக்கும் கேபிள் காருக்கும் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரிலிருந்து வருகிறவர்களுக்கு ஸேஃபெல்ட், மிட்டன்வால்ட் வழியாக வரும் ரயில் பாதை இருக்கிறது. அந்தப் பாதையே தனியாகப் பார்க்கத் தகுந்தது. இன்ஸ்ப்ரூக்கை விட்டதும் பள்ளத்தாக்கின் சுவரோடு ஒட்டி ஏறும்.

கார்மிஷ் நிலையத்தை ஒட்டியே மலை ரயிலின் தனி நிலையம் இருக்கிறது. இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஜெர்மன் பக்கம் ஏற இரண்டு வழிகள். ஒன்று, ஐப்ஸே ஏரிக்கரையிலிருந்து கிளம்பும் கேபிள் கார். 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஏரிக்கரையிலிருந்து உச்சிக்கு 1,945 மீட்டர் உயரத்தைப் பத்து நிமிடத்தில் ஒரே மூச்சில் கடக்கிறது. வழியில் ஒரே ஒரு தூண், 127 மீட்டர் உயரம். அந்தத் தூணைத் தாண்டியதும் 3,213 மீட்டர் தூரத்துக்குக் கீழே தாங்குவது எதுவும் இல்லாமல் கம்பிவடத்தில் மட்டுமே பெட்டி போகிறது. திறந்தபோது இந்த இரண்டு அளவுகளும் உலகச் சாதனை.

இரண்டாவது பல்சக்கர ரயில். ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது: அதே மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே அதே போலப் பற்கள். கார்மிஷிலிருந்து 19 கிலோமீட்டர், சுமார் ஒன்றேகால் மணி நேரம். கிரைனாவ் ஊரில் பற்கள் தொடங்குகின்றன. ஐப்ஸே நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலைக்குள் நுழைந்து, சுரங்கப் பாதையிலேயே மீதி தூரம் ஏறி, சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமியில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து உச்சிக்குச் சின்னதாக இன்னொரு கேபிள் கார்.

சுரங்கத்தில் காட்சி எதுவும் இல்லை என்று சொல்லிப் பலர் ரயிலைத் தவிர்க்கிறார்கள். ஆஸ்திரியாவில் இறங்கப்போகிறவர்களுக்கு ரயிலே சரியான வழி என்பது என் கருத்து. உடம்பு உயரத்துக்கு நிதானமாகப் பழகுகிறது. வழியில் ஐப்ஸேயில் இறங்கி ஏரியைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். பனியாறு இருக்கும் பீடபூமி தானாகவே வழியில் வந்துவிடுகிறது. தொங்கிக்கொண்டு போகும் காட்சியை இழக்க வேண்டியதும் இல்லை, இறங்கும்போது டிரோல் கேபிள் காரில் அது கிடைக்கும். ஜெர்மனிக்கே திரும்ப வேண்டியவர்கள் ரயிலில் ஏறி ஐப்ஸே கேபிள் காரில் இறங்குங்கள். ஜெர்மன் நிறுவனத்தின் போய்வரும் டிக்கெட் இரண்டுக்கும் செல்லும்.

அந்தப் போய்வரும் டிக்கெட் பெரியவர்களுக்கு 70 யூரோவுக்கு மேல். டிரோல் பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவு. பருவத்துக்குப் பருவம் விலை மாறுகிறது. மலையைக் கடக்கிறவர்கள் கார்மிஷில் ஏறுவதற்கு மட்டும் ஒருவழி டிக்கெட் கேளுங்கள், இறங்குவதற்கு மேலே ஆஸ்திரிய நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளின் தொகை ஒரு போய்வரும் டிக்கெட்டை விட அதிகமாக வரும். அதுதான் முதலில் சொன்ன கூடுதல் செலவு.

எந்த நாளில் போவது

விலை உயர்ந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு மேகத்துக்குள் போய் நிற்பது இந்த மலையில் சாதாரணமாக நடக்கிறது. கீழே வெயில் அடிக்கும், மேலே எதிரே நிற்பவர் முகம் தெரியாது. அதனால் முன்கூட்டியே குறிப்பிட்ட நாளுக்கு டிக்கெட் எடுத்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு மூன்று நாட்களைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் மலை நிறுவனங்களின் நேரடிக் கேமராக் காட்சியைப் பாருங்கள். உச்சி தெளிவாக இருந்தால் கிளம்புங்கள். தெளிந்த நாளில் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று நான்கு நாட்டுச் சிகரங்கள் தெரியும்.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். காலை முதல் வண்டிகளில் ஏறிவிடுவது நல்லது. செப்டம்பரும் அக்டோபரின் முதல் பாதியும்தான் காற்று துல்லியமாக இருக்கும் காலம், கூட்டமும் குறையும். தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெப்பக்காற்று வீசும் நாட்களில் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் காற்று பலத்தால் கேபிள் கார்கள் நிறுத்தப்படுவதும் அந்த நாட்களில்தான். வசந்தத்திலும் நவம்பர் வாக்கிலும் பராமரிப்புக்காக ஒவ்வொரு கேபிள் காரையும் பல நாட்கள் நிறுத்துகிறார்கள். இரு நாடுகளும் ஒரே நாட்களில் நிறுத்துவதில்லை. மலையைக் கடக்க நினைக்கிறவர்களுக்கு இதுவே பெரிய சிக்கல்; ஜெர்மன் பக்கம் ஓடுகிறது என்று நம்பி ஏறியவர் மேலே போனபின் டிரோல் பக்கம் மூடியிருப்பதைப் பார்ப்பார். இரு நிறுவனங்களின் தளங்களையும் புறப்படும் நாள் காலையில் பாருங்கள்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே 1900 முதல் வானிலை நிலையம் இயங்குகிறது. 1940 பிப்ரவரியில் அங்கே பதிவான குளிர் மைனஸ் 35.6 டிகிரி. 1944 ஏப்ரலில் பனி 8.3 மீட்டர் உயரத்துக்குக் குவிந்திருந்தது. இவை அரிய நாட்கள்தான். ஆனால் நடுக்கோடையிலும் மேலே பனி பெய்யும். 2008 ஜூலை 13 அன்று எர்வால்ட் பக்கத்திலிருந்து உச்சிக்கு ஓடும் போட்டி நடந்தபோது வானிலை திடீரென்று மாறியது. கோடைக்கால அரைக்கால் சட்டையோடு ஓடிய வீரர்கள் பனியிலும் காற்றிலும் சிக்கினார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், சென்னையிலிருந்து வரும் பெரியவர்களும் குழந்தைகளும் ஆகஸ்ட் மாதமே ஆனாலும் காற்று புகாத மேலங்கி, குல்லாய், கையுறை, மூடிய காலணி இல்லாமல் ஏறக் கூடாது. புடவை உடுத்துகிறவர்கள் உள்ளே கம்பளி லெக்கிங்ஸ் அணிந்துகொள்ளுங்கள். கருப்புக் கண்ணாடியும் வெயில் தடுப்புக் களிம்பும் கட்டாயம். பனியிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கருத்த தோலையும் சுடும்.

உயரமும் உடம்பும்

உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம்தான். பெரும்பாலானவர்களுக்கு லேசான தலைவலி, படியேறும்போது மூச்சிரைப்பு, அவ்வளவுதான். இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் விஷயத்தில் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மேலே நிதானமாக நடங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தலைச்சுற்றலோ வாந்தியோ வந்தால் காட்சிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே இறங்குவதே மருந்து.

பீடபூமியும் பனியாறும்

ரயில் வந்து நிற்கும் இடம் பரந்த கல்வெளி. குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் திடல். கோடையில் சுண்ணாம்புக் கல்லும் ஆங்காங்கே பழைய பனியும். கீழ்ச்சரிவுகளில் கோடைக்கு ஆடுகளை மேய விடுகிறார்கள். 1981இல் கட்டப்பட்ட சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. பின்னாளில் போப் 16ஆம் பெனடிக்ட் ஆன யோசப் ராட்சிங்கர், மியூனிக் கார்டினலாக இருந்தபோது அதை அர்ச்சித்தார். மேலே பாறையோடு ஒட்டி நிற்கும் கட்டடம் ஷ்னேஃபெர்னர் ஹௌஸ். 1930இல் ரயில் இங்கேதான் முடிந்தது, அப்போது அது ஹோட்டல். 1965 மே 15 அன்று பனிச்சரிவு ஒன்று அதன் மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்களை அடித்துக்கொண்டு போனது. பத்துப் பேர் இறந்தார்கள். இப்போது அது சுற்றுச்சூழல் ஆய்வு நிலையம். மலைப்பாறையை உள்ளே பிணைத்து வைத்திருக்கும் நிரந்தர உறைபனி எவ்வளவு வேகமாக உருகுகிறது என்பதெல்லாம் இங்கே ஆராயப்படுகிறது.

பனியாற்றைப் பார்க்க வேண்டுமென்றால் தள்ளிப்போடாதீர்கள். தெற்கு ஷ்னேஃபெர்னர் என்ற பனியாறு மிக மெலிந்து, நகர்வதையும் நிறுத்திவிட்டதால் 2022இல் பவேரிய அறிவியல் கழகம் அதைப் பனியாறுகள் பட்டியலிலிருந்து நீக்கியது. வடக்கு ஷ்னேஃபெர்னர் இருக்கிறது. 1993 முதல் ஏறத்தாழ இருபது கோடைகள் அதன் ஒரு பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூடிக் காப்பாற்றப் பார்த்தார்கள். பலனைவிட உருகும் வேகம் அதிகமானதால் கைவிட்டார்கள். பார்க்கும்போது அது நீங்கள் படங்களில் கண்ட நீலப் பனிச்சுவர் போல இருக்காது. சாம்பல் நிறக் கல்தூள் படிந்த ஒரு சரிவாகத்தான் தெரியும். அதன் மேல் ஓடும் கால்வாய்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குறியிட்ட பாதையை விட்டுப் பனியில் இறங்க வேண்டாம்.

உச்சியில்

மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் சிலுவை எதிரே, சிறிய இடைவெளிக்கு அப்பால் நிற்கிறது. முதல் சிலுவையை 1851இல் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். இப்போது நிற்பது 1993இல் வைத்த மறுவடிவம். அங்கே போவதற்கு இரும்பு ஏணியும் கம்பிவடமும் பொருத்தியிருக்கிறார்கள். தூரம் மிகக் குறைவு, ஆனால் இருபுறமும் பள்ளம், தடுப்புச் சுவர் கிடையாது. சாதாரண ஷூவும் செருப்பும் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். அவர்களைப் பார்த்துத் துணிச்சல் கொள்ளாதீர்கள். பிடிமானமுள்ள காலணி, காய்ந்த பாறை, உயரப் பயமின்மை மூன்றும் இருந்தால் போங்கள். பாறை ஈரமாகவோ உறைந்தோ இருந்தால் மொட்டைமாடியிலிருந்தே சிலுவை நன்றாகப் படத்தில் வரும்.

ம்யூன்ஷ்னர் ஹௌஸ் என்ற பழைய மலை விடுதி 1897 முதல் இங்கே இருக்கிறது. புதிய கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே அதன் மர ஓடுகளைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் காலத்தில் அதன் ஒவ்வொரு பலகையும் கீழிருந்து சுமந்து வரப்பட்டது.

பிறகு எல்லையைக் கடந்து டிரோல் மொட்டைமாடிக்கு வாருங்கள். காட்சி மாறிவிடும். ஜெர்மன் பக்கம் ஐப்ஸே ஏரியும் அதற்கப்பால் பவேரியச் சமவெளியும் விரிந்திருந்தன. இங்கே சமவெளியே இல்லை. நேர் கீழே எர்வால்ட் ஊரின் வட்டமான பள்ளத்தாக்கு, எதிரே ஸோனன்ஷ்பிட்ஸே என்ற முக்கோணச் சிகரம், தெற்கே அடுக்கடுக்காக ஆஸ்திரிய மலைகள். இந்தப் பக்கத்துக் கட்டடத்தில் 1926 கேபிள் காரின் வரலாற்றைச் சொல்லும் காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் இரு பக்கமும் ஒன்றுதான், பணமும் யூரோதான். மரக்கறி உண்பவர்களுக்குக் கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் போட்ட மாவுருண்டை, கைஸர்ஷ்மாரன் என்ற இனிப்புப் பிய்த்த தோசை, ஆப்பிள் ஷ்ட்ரூடல் ஆகியவை கிடைக்கும். சூப்பில்தான் ஏமாறுவீர்கள்; உள்ளே அப்பத் துண்டுகள் மட்டும் மிதந்தாலும் அந்தத் தெளிந்த ரசம் பெரும்பாலும் மாட்டெலும்பில் காய்ச்சியது. மாவுருண்டைகளில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் கலந்திருப்பதும் உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டிரோல் பக்கம் இறங்குதல்

ஓபர்மோஸ் என்ற கீழ் நிலையம் வரை கேபிள் காரில் பத்து நிமிடம். கடைசி வண்டி மாலை ஐந்து மணிக்கு முன்பே போய்விடும். சரியான நேரத்தை மேலே போனதும் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வண்டியை நம்ப வேண்டாம் என்பேன். ஓபர்மோஸ் வெறும் வாகன நிறுத்துமிடமும் கேபிள் கார் நிலையமும்தான், ஊர் கிடையாது. அங்கிருந்து எர்வால்ட் ரயில் நிலையத்துக்குப் பேருந்து உண்டு, ஆனால் இடைவெளி அதிகம். எர்வால்டிலிருந்து கார்மிஷுக்கு ரயிலில் சுமார் அரை மணி நேரம். அந்த ரயிலும் மணிக்கொன்றோ இரண்டு மணிக்கொன்றோதான். பாதைப் பணிகள் நடக்கும் காலங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்: முதலில் எர்வால்ட் ரயில், அதற்கு ஏற்ற பேருந்து, அதற்கு ஏற்ற கேபிள் கார். பிற்பகல் மூன்று மணிக்கு மேலிருந்து இறங்கினால் எதற்கும் ஓட வேண்டியிருக்காது.

பெட்டிகளோடு மலையைக் கடக்க முயல வேண்டாம். மியூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்குப் போகிறவர்கள்கூட கார்மிஷ் நிலையப் பெட்டகத்தில் சாமான்களை வைத்துவிட்டு, எர்வால்ட் வழியாகச் சுற்றி வந்து எடுத்துக்கொண்டு போவதே வசதி. வாடகைக் காரில் வருகிறவர்களுக்கு கார்மிஷிலிருந்து எர்வால்ட் போகும் சாலையில் ஆஸ்திரிய நெடுஞ்சாலை வில்லை தேவைப்படாது; அது மோட்டார் வேகச்சாலைகளுக்கு மட்டும். காரை எல்லை தாண்டி ஓட்ட வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள், சர்வதேச ஓட்டுநர் உரிமத்தையும் ஊரிலேயே எடுத்து வாருங்கள்.

கைபேசி மேலே சில சமயம் ஜெர்மன் கோபுரத்தையும் சில சமயம் ஆஸ்திரியக் கோபுரத்தையும் பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றிய சிம் என்றால் கூடுதல் கட்டணம் இல்லை. இந்திய ரோமிங் திட்டம் எடுத்தவர்கள் இரு நாடுகளும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆபத்தில் இரு நாட்டிலும் 112. ஆஸ்திரிய மலை மீட்புக்கு நேரடியாக 140.

நடந்து ஏற நினைப்பவர்களுக்கு

பழக்கமில்லாதவர்களுக்கு இந்த அத்தியாயம் நடைவழியைப் பரிந்துரைக்கவில்லை. மலை நடையில் தேர்ந்தவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். ஹோலென்டால் வழி அழகானது, ஆனால் பனியாற்றைக் கடந்து இரும்புப் படிகள் பதித்த செங்குத்துப் பாறையில் ஏற வேண்டும். அதற்கான கருவிகளும் அனுபவமும் இல்லாமல் போகிறவர்களை ஆண்டுதோறும் மீட்டு வருகிறார்கள். ரைன்டால் வழி எளிது, ஆனால் 20 கிலோமீட்டருக்கு மேல். இடையில் ஒரு விடுதியில் இரவு தங்கி இரண்டு நாட்களாகப் போக வேண்டும். எல்லையை நடந்து கடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு எர்வால்ட் பக்கத்திலிருந்து காட்டர்ல் கணவாய் வழியாக வரும் பாதை பொருந்தும். மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் எல்லைப் பலகையைத் தாண்டி, க்னோர்ஹுட்டே விடுதி வழியாகப் பீடபூமிக்கு ஏறலாம். மலை விடுதிகளில் சொந்தமாகத் துணி உறங்குபை கொண்டுவரச் சொல்வார்கள். பல இடங்களில் அட்டை செல்லாது, ரொக்கம் வைத்திருங்கள்.

கேமராவில் மேகம் மட்டும் தெரிந்தால்

அன்றைக்கு உச்சியை விட்டுவிடுங்கள். ஐப்ஸே ஏரியைச் சுற்றிய ஏழரை கிலோமீட்டர் பாதை சுமார் இரண்டு மணி நேர நடை. பெரும்பகுதி ஏற்ற இறக்கம் குறைவு, மழைத்தூறலிலும் போகலாம். கார்மிஷிலேயே 1936 குளிர்கால ஒலிம்பிக் நடந்த பனித்தாவல் அரங்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பார்ட்னாக் பள்ளத்தாக்கு இருக்கிறது. சுமார் 700 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்த நடைபாதை, பக்கத்திலேயே பாய்ந்தோடும் ஆறு. மழை பெய்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். வசந்தத்தில் பனி உருகும் வாரங்களில் மூடுவார்கள். மற்ற மாதங்களில் நுழைவுச்சீட்டு வாயிலிலேயே கிடைக்கும். சுவரிலிருந்து தண்ணீர் சொட்டும், ஆகவே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போங்கள்.